கடைசி மேசைக்குக் கேட்க வேண்டும்

அவர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பதினோராம் நாள், ஒரு கடதாசியோடு போய் அவருடைய கதவைத் தட்டினேன்.

உக்குவளையில் நாங்கள் இருப்பது ஒரே கூரையின் கீழ் இரண்டாகப் பிரித்த வீடு. நடுவில் ஒற்றைக்கல் சுவர். அந்தப் பக்கம் அவர் கிட்டார் வாசித்தால் இந்தப் பக்கம் என் தேத்தண்ணிக் கோப்பை நடுங்கும். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருஷம் ஆற்று மட்டமும் குளத்து மட்டமும் பார்த்து எழுதி ஓய்வு பெற்றவன் நான். முறைப்பாடு என்றால் அளவோடு செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. கடதாசியில் இப்படி எழுதியிருந்தேன்: செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு பத்திலிருந்து ஐந்து ஐந்து வரை. ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் அதே சுரம் ஆறு தடவை திரும்பக் கேட்கிறது. நீங்கள் வாசிப்பது ஒன்று. நான் கேட்பது ஏழு.

இப்படி ஒரு கடதாசியைக் கொடுத்தால் மனிதர்கள் கோபப்படுவார்கள், இல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்பார்கள். அவர் இரண்டையும் செய்யவில்லை. இரண்டு தரம் வாசித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“ஆறா? எனக்கு இங்க நாலுதாங்க கேக்குது. நீங்க எங்க உக்காந்து கேட்டீங்க நானா?”

முஸ்லிம்களில் மூத்தவரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். என் கதிரையைக் காட்டினேன். அவர் தன் மனைவியிடம் கிட்டாரைக் கொடுத்து, ஒரே கம்பியை விட்டுவிட்டுத் தட்டச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக்குள் வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். விரல்களை மடக்கி எண்ணினார். ஆறுதான் என்றார், ஏதோ லொத்தர் விழுந்தவர் மாதிரி. என் மனைவி அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போன நான், கதிரையையும் கொடுத்துவிட்டு அரை மணித்தியாலம் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வருஷமும் நாலு மாதமும் அவர் எங்களுக்கு அயலவராக இருந்தார். பிறகு குடும்பத்தோடு தம்புள்ளைக்குப் போய்விட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு. இடது கை விரல் நுனிகள் மரக்கட்டை மாதிரி காய்த்திருக்கும். பிறந்தது எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். இதற்கு மேல் அவருடைய வரலாறு எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். அவர் தான் நிற்கும் இடத்தில் தன் காதை நம்பவே மாட்டார். எதையும் எதிரில் இருப்பவன் இடத்தில் போய் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும் அவருக்கு. போக முடியாவிட்டால், அங்கே இருக்கிறவனிடம் கேட்பார், “அங்க எப்படிங்க கேக்குது?” என்று. இருநூறு தடவை வரை எண்ணினேன். பிறகு விட்டுவிட்டேன்.

வீட்டுச் சண்டையிலும் இதேதான். ஒருநாள் அவர் மனைவி ஏதோ ஒரு காஸ் சிலிண்டர் விஷயமாக அவரைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தார். இவர் பதில் பேசாமல் கேட்டைத் திறந்து ரோட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். சந்தியிலிருக்கும் ஹோட்டல் கடை வரை நடந்துபோய், அங்கே நின்று, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். “நீ சொல்றது சரிதான். ஆனா கடை வரைக்கும் கேக்குது. கொஞ்சம் இறக்கிச் சொல்லு, நான் கேட்டுக்கிறேன்” என்றார். அந்தம்மா சிரித்துவிட்டார். சண்டை அதோடு நின்றது. முப்பத்தாறு வருஷக் குடும்ப வாழ்க்கையில் எனக்கு இப்படி ஒரு வழி தோன்றவில்லை.

அவருடைய கிட்டாருக்கு ஒரு ஸ்பீக்கரைத் தவிரப் பெரிய பெட்டி, சின்னப் பெட்டி என்று எதுவும் இல்லை. எல்லாம் ஒரு இரும்புப் பலகைக்குள் இருந்தது. கைப்பெட்டி அளவு. மேலே ஆறு பொத்தான், நடுவில் சின்னத் திரை, வலது ஓரத்தில் காலால் மிதித்துச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பெடல். சுரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிற வேலைக்கு டிலே என்று பெயர். வாசித்த நேர்ச் சத்தத்தோடு இந்தத் திரும்பி வரும் சத்தத்தை எவ்வளவு கலப்பது என்பதற்கு மிக்ஸ் என்று பெயர். பூச்சியத்திலிருந்து நூறு வரை இலக்கம் போட்டிருக்கும். இருபத்துநாலா இருபத்தாறா என்பதில் அவர் ஒரு பின்னேரம் முழுவதையும் கழிப்பார். எனக்கு அது விளங்கும். நான் அரை அங்குலத் தண்ணீருக்காக மூன்று கடிதம் எழுதியவன்.

அவரை வாட்டிக்கொண்டிருந்த பிரச்சினை ஒன்று இருந்தது. பாட்டின் நடுவில் கிட்டார் மட்டும் தனியாக எழும்பி வாசிக்க வேண்டிய இடத்தில், டிலே கூட வேண்டும் என்று மிக்ஸை ஏற்றினால், கிட்டார் எழும்பாமல் அமிழ்ந்துபோகும். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே அது தெரிந்தது. காரணத்தை அவர் எங்கள் வீட்டுக் கோப்பையை வைத்துச் சொன்னார்.

“கோப்பை ஒண்ணுதாங்க நானா. பாலைக் கூட ஊத்த ஊத்தச் சாயம் குறையுது. மிக்ஸ் பாதிக்கு மேல போனா நேர்ச் சத்தம் கீழ போயிடும். கேக்கிறவங்களுக்கு நான் ஏதோ பக்கத்து ஊர்ல இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும்.”

ஒன்பது நாள் அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டினார். பத்தாம் நாள் சத்தத்தை இரண்டு வழியாகப் பிரித்துவிட்டார். ஒரு வழியில் நேர்ச் சத்தம், எதுவும் கலக்காமல். மற்ற வழியில் எதிரொலி மாத்திரம். ஒவ்வொன்றுக்கும் அதனதன் மட்டம். எதிரொலியைக் கூட்டினாலும் இனி நேர்ச் சத்தம் அசையாது. ரெண்டு கோப்பை, ரெண்டு கோப்பை என்று சுவரைத் தட்டிக் கத்தினார். என் மனைவி உடனே இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றிவிட்டாள்.

பள்ளிவாசல் எங்கள் வீட்டிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு காலடி தூரம். பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு தொடங்கியதும் அவர் பெடலைப் பின்னுக்கு மிதித்துச் சத்தத்தைப் பூச்சியமாக்கிவிடுவார். நான் சொல்லிச் செய்ததில்லை. ஆனால் பெடல் பூச்சியத்துக்குப் போன பிறகும் எதிரொலி ஐந்து தடவை வந்து பாங்கின் மேல் விழும். இரண்டு கிழமை பொறுத்தேன். மூன்றாம் கிழமை கடதாசி எழுதினேன். அவர் வெட்கப்பட்டுப் போனார். பெடல் டிலேக்கு முன்னால் இருக்கிறது, மதகை மூடினாலும் வாய்க்காலில் ஏற்கெனவே இறங்கிய தண்ணீர் ஓடி முடியத்தானே வேண்டும் என்றார். இதை என்னிடம் சொன்னால் விளங்காமல் இருக்குமா? அப்படியென்றால் மதகை வாய்க்காலின் கடைசியில் கட்டுங்கள் என்றேன். பெடலை டிலேக்குப் பின்னால் மாற்றிவிட்டால் எல்லாம் ஒரேயடியாக நிற்கும்.

அவருக்கு அது பிடிக்காது. சுரம் தானாகத் தேய்ந்து போவதில்தான் அவருக்கு இன்பம். இருந்தும் வீட்டில் வாசிப்பதற்கென்று ஒரு தனி அமைப்பைச் செய்து, அதற்கு நானா என்று பெயர் வைத்துச் சேமித்துக்கொண்டார். அடுத்த நாள் பாங்கு தொடங்கியபோது அந்தப் பக்கம் கத்தரித்த மாதிரி அமைதி. திரையில் பெயரைக் காட்டினார். இவரை உள்ளே வைத்தால் அந்த மெஷின் பழுதாகிவிடுமே என்றாள் என் மனைவி.

அவருடைய முக்கியமான வேலை சீகிரியாப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மூன்று பேர் வாசிப்பார்கள். கீபோட்டும் தலைமையும் ரோஹண; பாட்டு ரோஹணவின் தங்கை; கிட்டார் இவர். கல்யாண வீடுகளும் இருந்தன. ஆனால் கல்யாணக்காரர்கள் இவர்களைக் கண்டுபிடிப்பதே அந்த ஹோட்டலில்தான். ஞாயிறு போனால் மற்றதும் போய்விடும்.

மண்டபத்தில் முப்பத்துநாலு மேசை. கடைசி மேசை சமையலறைக் கதவோரம், யாரும் விரும்பி உட்காராத இடம். அங்கே நான் வந்து உட்கார வேண்டும் என்று அவர் ஒருநாள் கேட்டார். ரோஹணவிடம் பேசி, குழுவுக்குரிய சாப்பாட்டில் எனக்கும் ஒன்று ஒழுங்கு செய்திருந்தார். முன் மேசைக்குக் கேட்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. முன்னால் இருப்பவனுக்கு எப்படியும் கேட்கும். கடைசி மேசையில் நேர்ச் சத்தம் தெளிவாக வருகிறதா, எதிரொலி எத்தனை வருகிறது, பேசுகிறவர்கள் குரலை உயர்த்துகிறார்களா, இதுதான் அவருக்கு வேண்டியது.

முதல் ஞாயிறு நாங்கள் ஏற்பாடு செய்துகொண்ட சைகை உப்புப் போத்தல். நடுவில் இருந்தால் சரி. இடது பக்கம் வைத்தால் குறை, வலது பக்கம் வைத்தால் கூட்டு. நான் இடது பக்கம் வைத்தேன். அந்த மேசைக்குரிய வெயிட்டர் நல்ல பழக்கமுள்ளவர். போகிற வழியில் போத்தலை எடுத்து நடுவில் வைத்துவிட்டுப் போனார். திரும்ப இடது பக்கம் வைத்தேன். திரும்ப நடுவில் வைத்தார். மேடையிலிருந்து பார்த்த இவர், கூட்டுவதும் குறைப்பதுமாக ஒரு பாட்டு முழுவதையும் கடலில் போகும் தோணி மாதிரி வாசித்துத் தள்ளினார். நான் மேசைக்கும் வெயிட்டருக்கும் நடுவில் பதினான்கு தடவை கை நீட்டியிருப்பேன். அடுத்த ஞாயிறிலிருந்து உப்புப் போத்தலைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

அந்த முதல் ஞாயிறு இன்னொன்றும் நடந்தது. மதியத் தொழுகையான லுஹர் தொழ எங்கே போவது என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவர் சலவை அறைக்குப் பின்னால் துப்புரவான ஒரு இடம் பார்த்து வைத்திருந்தார். என்னை அழைத்துப் போகும் முன், தான் போய் அங்கே நின்று ஜெனரேட்டர் சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பார்த்தாராம். கொஞ்சம் வருகிறது, கதவைச் சாத்தினால் வராது என்றார்.

இப்படிப் பதினாறு ஞாயிறு போனது. ஒரு கொப்பி நிறைய எழுதிவிட்டேன். பதினேழாவதுக்கு முந்தின வியாழக்கிழமை அவருக்கு ரோஹணவிடமிருந்து டெலிபோன் வந்தது. சாப்பாட்டுப் பகுதிக்குப் புதிய மேனேஜர் வந்திருக்கிறார். கிட்டார் தொந்தரவாக இருக்கிறது என்கிறார். வருகிற ஞாயிறு சரிவராவிட்டால் கிட்டாரை நிறுத்திவிட்டு, லெப்டொப்பில் பதிந்த இசையைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். இவர் அதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, இரண்டு நாள் வாசிக்கவில்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பை நடுங்காமல் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கியது. புதிய மேனேஜரின் மேசையை மண்டபத்தின் முன்பக்கம், இடது ஸ்பீக்கருக்கு நேர் கீழே போட்டிருந்தார்கள். முப்பது வயதிருக்கும் பிள்ளை, நல்ல மரியாதை, கழுத்துப்பட்டி. ஸ்பீக்கர் அவர் காதுக்குள் வாசித்தது. முதல் பாட்டிலேயே வெயிட்டரை மேடைக்கு அனுப்பினார், குறைக்கச் சொல்லி. இவர் குறைத்தார். கடைசி மேசைக்குக் கிட்டார் வரவே இல்லை. நான் போத்தலை வலது பக்கம் பிடித்தேன். இவர் கூட்டினார். வெயிட்டர் திரும்ப மேடைக்குப் போனார். நாலு பாட்டு முடிவதற்குள் வெயிட்டர் ஐந்து தடவை போய் வந்தார். என் பக்கத்து மேசையில் இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள் பப்பாசி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்தப் போர் எதுவும் தெரியாது.

ஐந்தாவது பாட்டில் அவர் செய்த காரியத்தை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. ரோஹணவும் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த இயந்திரத்தில், வாசித்ததை அப்படியே பிடித்து வைத்து நிற்காமல் திரும்ப வாசிக்கிற பொத்தான் ஒன்று இருக்கிறது. இவர் சின்னதாக ஒரு துண்டு வாசித்தார். பொத்தானை மிதித்தார். கிட்டாரைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்தார். கிட்டார் தானாக வாசித்துக்கொண்டிருந்தது. இவர் மேடையை விட்டு இறங்கி மேனேஜரிடம் போனார். குனிந்து ஏதோ சொன்னார். மேனேஜர் எழுந்தார். இரண்டு பேரும் மேசை மேசையாக நின்று நின்று நடந்து வந்தார்கள்.

என் மேசைக்கு வந்ததும் மேனேஜர் தலையைச் சாய்த்துக் கேட்டார். இங்கே அளவாகத்தான் இருக்கிறது, என் மேசையில்தான் அதிகம் என்று சிங்களத்தில் சொன்னார். நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவசரப்பட்டுவிட்டேன். மேனேஜர் மேடையைப் பார்த்தார். ஸ்டாண்டில் கிட்டார். பக்கத்தில் ஆள் இல்லை. இசை மட்டும் வருகிறது. இதை இப்போது வாசிப்பது யார் என்று கேட்டார். யாருமில்லை என்றார் இவர், கள்ளமில்லாமல். அப்படியென்றால் ஆள் எதற்கு என்று மேனேஜர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நான் இவரைப் பார்த்தேன். அந்தக் கேள்வி இவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மேடையைப் பார்த்து நின்றார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இத்தனை வருஷம் வாசித்த மனிதர், தன் கிட்டாரைக் கடைசி மேசையில் நின்று கேட்பது அதுதான் முதல் தடவை.

“நல்லாத்தாங்க இருக்கு நானா,” என்றார். பிறகு, “எதிரொலி மட்டந்தான் ரெண்டு கூட. நீங்க சொல்லவே இல்லையே.”

சொல்லிவிட்டு, மேனேஜருக்குப் பதில் சொல்லாமலே, இரண்டைக் குறைக்க மேடைக்குப் போய்விட்டார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். என் கையில் உப்புப் போத்தல். மேசையில் கொப்பி. அதில் முப்பத்துநாலு மேசைக்கும் கட்டம் போட்டு இலக்கம் எழுதியிருந்தேன். நீங்கள் யார், எங்கிருந்து அனுப்பினார்கள் என்று கேட்டார். பரிசோதகர் என்று நினைத்துவிட்டார் போல. பக்கத்து வீட்டுக்காரன் என்றேன். அதற்கு மேல் பேசுவதாக எனக்கு உத்தேசம் இல்லை. ஆனால் பிழையான கணக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. எழுந்து நின்று சிங்களத்தில் சொன்னேன்: மகன், அந்த மெஷின் நாலு நிமிஷம் தனியாக வாசித்தது. நாலு நிமிஷமும் எதிரொலியின் மட்டம் இரண்டு அதிகமாக இருந்தது. அது தானாகக் குறைக்கவில்லை. பார், குறைப்பதற்கு ஒரு ஆள் இவ்வளவு தூரம் நடந்து போகிறார். நாளைக்கு மழை பெய்து ஜன்னல் சாத்தினால் வேறு கணக்கு. பஸ்ஸில் நாற்பது பேர் வந்து இறங்கினால் வேறு கணக்கு. லெப்டொப்புக்கு இதெல்லாம் யார் போய்ச் சொல்வது?

மேடையில் அவர் பொத்தானை மிதித்தார். ஓடிக்கொண்டிருந்த துண்டு நின்றது. பப்பாசி சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு கிழவிகளும் தலையை நிமிர்த்தி மேடையைப் பார்த்தார்கள். அதுவரை ஒரு தடவையாவது அவர்கள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மேனேஜர் அவர்களைக் கவனித்தார். இவர் கிட்டாரை மாட்டிக்கொண்டு மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தார். மேனேஜர் அந்தப் பாட்டு முடியும் வரை என் கதிரைக்குப் பின்னாலேயே நின்றார். பிறகு தன் மேசைக்குப் போய், காகிதங்களை அள்ளிக்கொண்டு, வரவேற்புப் பக்கம் போய்விட்டார். வெயிட்டர் அதற்குப் பிறகு மேடைக்குப் போகவில்லை.

திரும்பி வரும் பஸ் நாவுல ஊரைத் தாண்டும் வரை, மட்டத்தில் கூடிப்போன அந்த இரண்டைப் பற்றித்தான் அவர் கேட்கப் போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். எதிரொலி நாலு என்று ஒழுங்காகத்தான் எண்ணியிருந்தேன். அவை எவ்வளவு கனமாக விழுந்தன என்பதை எண்ண முடியாது. அதை அவருக்கு எப்படி விளங்க வைப்பது? அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. என் முழங்காலைத் தொட்டார்.

“இனி நீங்க இந்த வயசுல இவ்வளவு தூரம் பஸ்ல குலுங்க வேண்டாங்க. துண்ட ஓட விட்டுட்டு நானே பின்னால வந்து கேட்டுக்குவேன். ரோஹண ஒத்துக்கிட்டாரு.”

நல்லது என்றேன். முழங்கால் வலிக்கிறது, பஸ் சீட் சரியில்லை, ஹோட்டல் சூப்பில் மிளகு கூட, தம்புள்ளையில் இறங்கி ஏறுவது கரைச்சல், ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வாசிக்க நேரமில்லை என்று ஐந்து காரணம் சொன்னேன். அவர் ஐந்தையும் கேட்டார். பதினேழு ஞாயிறு செய்த வேலையிலிருந்து ஒரு மனிதனை நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் போதும் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை ஏழரைக்கு அவர் கதவைத் தட்டினார். இரண்டு பேருக்கும் சேர்த்து இடம் சொல்லியிருக்கிறேன், வாங்க என்றார். இரண்டு பேர் என்றால் நானும் என் மனைவியும். மேனேஜர் தன் மேசையை வரவேற்புப் பக்கத்துக்கே நிரந்தரமாகக் கொண்டுபோய்விட்டாராம். இடது ஸ்பீக்கருக்குக் கீழே இடம் சும்மா கிடக்கிறதாம். அங்கே எங்களுக்கு ஒரு மேசை.

போனோம். போத்தலைத் தொட வேண்டியதில்லை, கொப்பியும் இல்லை. அவ்வளவு கிட்ட இருந்து பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. தனியாக எழும்பி வாசிக்கும் இடம் வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். கடைசி மேசையிலிருந்து முகம் தெரியாது. என் மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கர் நேராக என் இடது காதுக்குள் வாசித்தது. இரண்டு நாள் அந்தக் காது இரைந்துகொண்டிருந்தது. மேனேஜர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

சாப்பாடு முடிந்து அவர் எங்களிடம் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தார். அளவாக இருந்தது தம்பி என்றேன்.